பூத்துக் கறுத்து உதிரும் பலா: வெட்டுவதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: பாளைத் தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு பலா மரம் நிற்கிறது. குற்றாலத்தில் சாரல் காலத்தில் வாங்கிய, சுளை இறுகலாக இருக்கும் வருக்கை வகைப் பழம் ஒன்றின் கொட்டையை என் தாயார் ஊன்றி வைத்து முளைத்த மரம் அது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மாடியைத் தாண்டி உயர்ந்து, இலையும் கிளையுமாகச் செழிப்பாகவே இருக்கிறது. ஆனால் இதுவரை ஒரு காய்கூடப் பறித்ததில்லை.

சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் கார்த்திகை பிறந்தது முதல் விரல் நீளத்தில் பிஞ்சுகள் ஏராளமாக வருகின்றன. சில நாள்களில் அவை மஞ்சள் நிறமாகி, பிறகு கறுத்து, மேலே சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சணம் படர்ந்து உதிர்ந்துவிடுகின்றன. காலையில் வாசல் தெளித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போகும் என் தாயார், தரையில் கிடப்பவற்றைப் பார்த்து மனம் வருந்துகிறார். இது நோயா, அல்லது எங்களுடையது காய்க்காத ஆண் மரமா என்று தெரியவில்லை. அடுத்த வீட்டு அண்ணாச்சி தண்டில் இரும்பு ஆணி அடித்தால் காய்க்கும் என்கிறார். மர வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வைரம் பாயட்டும், நானே வெட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

மண் செம்மண், ஐந்தாறு அடிக்குக் கீழே பாறை. ஆழ்துளைக் கிணற்று நீர் சற்று உப்பு. துணி துவைக்கும் கல்லிலிருந்து வரும் நீர் ஒரு வாய்க்கால் வழியாக மரத்தடிக்குத்தான் போகிறது. கோடையில் இலையின் ஓரங்கள் கருகுகின்றன. என்ன மருந்து அடிக்கலாம், மரத்தை வைத்துக்கொள்வதில் பயன் உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கடையம் நாற்றங்கால்

வணக்கம் தம்பி. மரத்தை வெட்ட வேண்டாம், ஆணியும் அடிக்க வேண்டாம், இப்போதைக்கு மருந்தும் வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், உதிர்பவை பிஞ்சுகள் அல்ல, ஆண் பூங்கதிர்கள். பலாவில் ஆண் மரம், பெண் மரம் என்ற பிரிவே கிடையாது. ஒரே மரத்தில் இரண்டு வகைக் கதிர்களும் தனித்தனியாக வருகின்றன. கொட்டையிலிருந்து வளர்ந்த மரம் பருவத்துக்கு வரும் முதல் ஓரிரு ஆண்டுகளில் ஆண் கதிர்களை மட்டுமே தருவது வழக்கம். நன்றாகக் காய்க்கும் முதிர்ந்த மரத்திலும் பெண் கதிரைவிட ஆண் கதிரே பல மடங்கு மிகுதியாக இருக்கும். கொட்டை மரம் முதல் காய் தர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். நிழலிலும் வறட்சியிலும் நின்றால் இன்னும் தள்ளிப்போகும். உங்கள் மரம் உரிய காலத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டையும் நீங்களே பிரித்தறியலாம். இளங்கிளைகளில், இலைகளுக்கு நடுவே, மெல்லிய காம்பில் நிற்பவை பெரும்பாலும் ஆண் கதிர்கள். அவற்றின் மேல்புறம் ஓரளவு வழவழப்பாக இருக்கும். முதிர்ந்த நிலையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் விரல் நுனியில் மஞ்சள் தூள் ஒட்டும். முகர்ந்தால் இலேசான இனிய மணமும் வரும். அந்தத் தூள்தான் மகரந்தம். அது உதிர்ந்து முடிந்தபின் கதிரின் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு ரைசோபஸ் என்னும் பூசணம் அதன்மேல் படர்ந்து, கறுத்து விழுகிறது. உங்கள் தாயார் பெருக்கி அள்ளுவது இதைத்தான். அதில் இழப்பு ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

பெண் கதிர் அடிமரத்திலிருந்தும் தடித்த கிளைகளிலிருந்தும் கிளம்பும் குட்டையான தளிர்களில் வரும். அதன் காம்பு ஆண் கதிரின் காம்பைவிடத் தெளிவாகப் பருத்திருக்கும்; காம்பும் கதிரும் சேரும் இடத்தில் பச்சை வளையம் ஒன்று எடுப்பாகத் தெரியும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். மகரந்தத்தை ஏற்கும் நாள்களில் அதன் உடல் முழுவதும் வெண்மையான நுண்ணிழைகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் காணலாம். அந்த இழை ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூவுக்கு உரியது. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகிறது. சேராத பூ, சுளைகளுக்கு இடையே நார்போல் இருக்கும் சடையாகப் போய்விடுகிறது. ஒருபக்கம் பருத்தும் மறுபக்கம் சூம்பியும் கோணலாக வரும் காயை அறுத்துப் பார்த்தால், சூம்பிய பக்கத்தில் சடை மட்டுமே இருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் தெருவில் வேறு பலா மரம் இல்லையென்றால், தூள் உதிரும் ஆண் கதிர் ஒன்றைப் பறித்து, இழை நீட்டி நிற்கும் பெண் கதிரின் நான்கு பக்கமும் மெதுவாகத் தடவிவிடலாம். காலை வேளையில் செய்யுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இது பெரிய வேலை அல்ல. காயின் வடிவில் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஆணி விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டில் ஏற்படும் ஒவ்வொரு காயமும் தண்டுத் துளைப்பான் புழுவுக்கும் அழுகலுக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது. பலாவில் காய் வரும் இடமே அடிமரம்தான். அந்தப் பட்டையைக் கெடுத்துக்கொண்டு காயை எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்? அண்ணாச்சி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அதைச் செய்ய வேண்டாம். அதற்குப் பதிலாக அடிமரத்தை மறைக்கும் மெல்லிய சிம்புகளையும் உள்ளே குறுக்காக ஓடும் கிளைகளையும் நீக்கி, தண்டில் வெளிச்சமும் காற்றும் படும்படி செய்யுங்கள். அப்படி நீக்கும்போது தண்டிலிருந்து கிளம்பும் குட்டைத் தளிர்களை மட்டும் தொட வேண்டாம். பெண் கதிர் வரும் இடம் அதுதான்.

உங்கள் மரத்தில் எனக்குக் கவலை தருவது பூ அல்ல, தண்ணீர். அதைப்பற்றி மற்றவர்களும் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

பதில்: பொதிகை அடிவாரம்

கடையத்து அண்ணாச்சி சொன்னது அனைத்தும் சரி. தண்ணீரைப் பற்றி நான் தொடர்கிறேன்.

குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா. தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளில் பலா அவ்வளவு இயல்பாக வளர்வதற்குக் காரணம், ஆனி முதல் ஆவணி வரை கிடைக்கும் சாரலும், பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையும், தண்ணீர் நிற்காமல் வடியும் மலையடிவார மண்ணும்தான். பாளையங்கோட்டைக்குச் சாரல் வருவதில்லை. ஆடிக்காற்று மட்டுமே வருகிறது. அங்கே மரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் நாம் ஊற்றும் நீரைத் தவிர வேறு கதி இல்லை. ஆகவே என்ன நீர் ஊற்றுகிறோம் என்பது மிகவும் முக்கியம். கோடையில் இலை ஓரம் கருகுவதற்கு உப்பு நீரும் சோப்பு நீரும் காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. துவைகல் வாய்க்காலை முதலில் திருப்பிவிடுங்கள். அது வாழைக்குப் போகலாம், கல்வாழைக்குப் போகலாம், பலாவுக்கு வேண்டாம்.

பலா வேர் ஈரத்தை விரும்பும். தேங்கிய நீரை அது தாங்காது. இரண்டு மூன்று நாள்கள் வேர் நீரில் மூழ்கிக் கிடந்தாலே மரம் வாடத் தொடங்கும். உங்களிடம் கீழே பாறை இருப்பதால் மழைக்காலத்தில் நீர் இறங்க வழியில்லாமல் நிற்கக்கூடும். ஆகவே அடிமரத்தை ஒட்டி மண்ணை அணைத்து மேடாக்குங்கள். பாத்தியைத் தண்டை ஒட்டி அமைக்காமல், கிளைகளின் நிழல் விழும் எல்லைக்கு அருகில் வட்டமாக எடுங்கள். உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. ஐப்பசியில் அந்தப் பாத்தியின் ஒரு பக்கத்தை வெட்டி வடிகால் விட்டுவிடுங்கள். தை பிறந்தபின் அந்த வடிகாலை மூடி, உதிர்ந்த பலா இலைகளையே நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி வையுங்கள். மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைக்க முடிந்தால், காய் பருக்கும் மாசி, பங்குனி மாதங்களில் கிணற்று நீரோடு கலந்து விடலாம். உப்பின் கடுமை குறையும்.

உரத்தைப் பொறுத்தவரை, காய்ப்புக்கு வந்த மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ அளவில் மக்கிய தொழு உரம் கொடுப்பது பொதுவான பரிந்துரை. அதை ஆனியிலும் புரட்டாசியிலும் இரண்டாகப் பிரித்து, சிறிது வேப்பம் புண்ணாக்கும் கலந்து வட்டப் பாத்தியில் இடலாம். பச்சைச் சாணத்தைக் கொண்டுபோய் மரத்தடியில் கொட்ட வேண்டாம், கரையான் வரும்.

இன்னொன்று. ஆண் கதிர் கறுப்பது இயற்கைதான் என்றாலும், அதே பூசணம் அடைமழைக் காலத்தில் உண்மையான பிஞ்சையும் தாக்கும். காம்பு ஒட்டும் இடத்திலோ வேறு பக்கத்திலோ நீர் கோத்ததுபோல் பழுப்புத் திட்டு ஒன்று தோன்றி, மேலே வெண்சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்து, பிறகு கரித்தூள் போல் ஆகும். அதைக் கண்டால்தான் மருந்து. கீழே விழுந்தவற்றை அன்றாடம் அள்ளிக் குழியில் புதைப்பதே பாதி மருத்துவம். மீதிக்கு 1 சதவீத போர்டோக் கலவை போதும். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டர் நீரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியைப் பயன்படுத்துங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்தபின் தீட்டிய கத்தி ஒன்றைச் சிறிது நேரம் அதில் அமிழ்த்தி எடுத்துப் பாருங்கள். இரும்பின் மேல் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றே தெளித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்திருந்தால் பயன்படாது.

மீண்டும்: பாளைத் தோட்டம்

உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கிளைகளில் நிற்பவற்றைத் தொட்டபோது நீங்கள் சொன்னபடியே விரலில் மஞ்சள் தூள் ஒட்டியது. இறங்கும்போது, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், அடிமரத்தில் ஒரு குட்டைத் தளிரைக் கண்டேன். அதில் ஒரே காம்பிலிருந்து பிரிந்து மூன்று கதிர்கள் நிற்கின்றன. காம்பு தடிமனாக இருக்கிறது. பச்சை வளையமும் தெரிகிறது. என் தாயாரை அழைத்துக் காட்டினேன். அவர் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

துவைகல் நீரை இன்றே திருப்பிவிட்டோம். இனி மூன்று ஐயங்கள் உள்ளன. மூன்று காயையும் விட்டுவைக்கலாமா? காய் முற்றியதை எப்படி அறிவது? மரம் மின்கம்பியை நெருங்குகிறது. உச்சியைக் கழித்தால் காய்ப்பு கெடுமா?

பதில்: கல்லிடைக்குறிச்சி வீட்டுத்தோட்டம்

தம்பி, படிக்கும்போதே மகிழ்ச்சியாக இருந்தது. எங்கள் வீட்டில் மாமியார் காலத்து மரம் ஒன்று நிற்கிறது. பறிப்பது, பழுக்க வைப்பது, அறுப்பது எல்லாம் என் பொறுப்பு. ஆகவே அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

ஒரு காம்பில் ஒரு காய்தான் நன்றாகப் பருக்கும். மூன்றையும் விட்டால் மூன்றும் சிறுத்துப்போகும். நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் துளைப்பான் புழுவும் சேரும். தேங்காய் அளவு வரும் வரை மூன்றையும் விட்டுவைத்து, அதன்பின் வடிவம் நன்றாக உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அறுத்துவிடுங்கள். அவை வீணாவதில்லை. உள்ளே கொட்டை இறுகாத அந்தப் பருவத்தில் முள்தோலைச் சீவி, துண்டாக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைத்து, அம்மியில் வைத்து ஒன்றிரண்டாக இடித்துத் தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்தால் இடிச்சக்கைத் துவரன். உங்கள் மரத்தின் முதல் விளைச்சல் அதுவாகவே இருக்கட்டும். நிறுத்திய காயைப் புழுவும் அணிலும் தொடாமலிருக்க, பழைய சாக்கையோ தென்னோலைக் கீற்றையோ தளர்வாகச் சுற்றிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். உள்ளே வேர்த்து அழுகும்.

கதிர் தோன்றியதிலிருந்து காய் முற்ற மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும். மரத்துக்கு மரம் வேறுபடும். நம் பக்கம் சித்திரை முதல் ஆடி வரை பறிப்புக் காலம். முற்றிய காய்க்குச் சில அடையாளங்கள் உண்டு. நெருங்கிக் கூர்மையாக நின்ற முட்கள் விலகி, நுனி மழுங்கித் தட்டையாகும். கரும்பச்சை நிறம் வெளிறி மஞ்சளும் பழுப்பும் கலந்து வரும். காய்க்காம்பை ஒட்டி நிற்கும் கடைசி இலை மஞ்சளாகும். விரல் முட்டியால் தட்டினால், முற்றாத காய் இறுகிய ஓசை தரும்; முற்றியது உள்ளே காற்று இருப்பதுபோல் மந்தமாக ஒலிக்கும். நான் இவற்றில் ஓசையையும் முள்ளையும் மட்டுமே முழுவதும் நம்புவேன். இலை கோடை வெயிலிலும் மஞ்சளாகும். மணம் வரட்டும் என்று காத்திருந்தால் நமக்கு முன்னால் வௌவாலும் அணிலும் வந்துவிடும்.

பறிக்கும்போது காயைக் கீழே விழ விடக் கூடாது. விழுந்த காய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கன்றி, பழுக்கும்போது அந்த இடம் புளித்து நாறும். உயரத்தில் இருப்பதைக் கயிற்றில் கட்டி, ஒருவர் மேலே அறுக்க, ஒருவர் கீழே கயிற்றைத் தளர்த்தி இறக்க வேண்டும். காம்பைத் தண்டோடு ஒட்ட அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுங்கள்; அடுத்த ஆண்டும் அந்த அடிக்கணுவை ஒட்டியே தளிர் வரும். அறுத்ததும் பால் கொட்டும். அது துணியில் பட்டால் போகாது. காயைச் சற்று நேரம் காம்பு கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து வைத்துப் பால் வடிந்தபின் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். சாக்கு போர்த்திக் காற்றோட்டமான மூலையில் வைத்தால், சில நாள்களில் வீடு முழுவதும் மணம் பரவும். கட்டைவிரலால் அழுத்தினால் தோல் சற்று அமுங்கும். அரிவாள்மணையிலும் கைகளிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நடுத்தண்டை முதலில் அரிந்து எடுத்துவிட்டால் பாதிப் பிசின் அதோடு போய்விடும். கொட்டைகளைக் கழுவி நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலில் புதைத்து வைத்தால், பழக் காலம் முடிந்த பிறகும் அவியலுக்கும் குழம்புக்கும் எடுக்கலாம்.

பதில்: கடையம் நாற்றங்கால்

உச்சியைக் கழிப்பது குறித்து: தாராளமாகக் கழிக்கலாம். காய் அடிமரத்திலும் முதன்மைக் கிளைகளிலும் வருவதால், உச்சி போனால் நமக்குப் பெரிய நட்டம் இல்லை; பறிப்பதும் எளிதாகும். ஆனால் ஒரே ஆண்டில் அரையும் குறையுமாக மொட்டை அடிக்க வேண்டாம். மறைந்திருந்த பட்டையில் திடீரென வெயில் பட்டால் வெடிக்கும். பறிப்பு முடிந்தபின், ஆவணியில், மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, மீதியை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவாயைச் சரிவாக வைத்து, போர்டோக் கலவையையே கெட்டியாகத் தயாரித்த போர்டோப் பசை பூசுங்கள். மின்கம்பிக்கு அருகில் உள்ள கிளையை மட்டும் மின்வாரிய ஊழியரிடம் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வெட்டச் செய்யுங்கள். வெட்டிய தழையை ஆடு வைத்திருப்பவர்கள் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள்.

பதில்: சிவசைலம் சாலை

பாளையங்கோட்டைக்கு இது பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கும் மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களிலும், வடகரை, செங்கோட்டை மலையோரங்களிலும் பலாப்பழ மணத்துக்குக் கரடியும் யானையும் தோட்டத்துக்குள் வருகின்றன. மரத்தில் ஒரு பழம்கூடப் பழுக்க விடாதீர்கள். முற்றியதும் பறித்து மூடிய அறையில் வைத்துப் பழுக்க வையுங்கள். சடையையும் தோலையும் வேலிக்கு வெளியே எறியாமல் மாட்டுக்குப் போடுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள். பறிப்புக் காலத்தில் விடியுமுன் தனியாகத் தோட்டத்துக்குப் போகாதீர்கள். புதிதாகக் கன்று நடுவோர், வீட்டை ஒட்டி நடாமல் தள்ளி நடுவது எல்லா ஊருக்கும் நல்லது. மலையோரத்தில் அது கட்டாயம்.

கேள்வி: பாளைத் தோட்டம்

அனைவருக்கும் நன்றி. இன்னொன்று மட்டும். முன்பக்கத்தில் மற்றொரு கன்று வைக்க என் தாயார் விரும்புகிறார். இதே மரத்தின் கொட்டையை ஊன்றலாமா, அல்லது ஒட்டுக் கன்று வாங்க வேண்டுமா?

பதில்: கடையம் நாற்றங்கால்

கொட்டையில் வளரும் கன்று தாய் மரத்தைப் போலவே இருக்கும் என்று உறுதி கூற முடியாது. வருக்கையின் கொட்டையிலிருந்து சுளை குழைந்திருக்கும் கூழன் வகை வரலாம், சுளை சிறுத்தும் வரலாம். முன்பக்கத்தில் இருப்பது ஓர் இடம்தான் என்றால் ஒட்டுக் கன்றே வாங்குங்கள். நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பாலூர் 1, பேச்சிப்பாறை 1 ஆகிய இரகங்கள் நம் பகுதிக்கு ஏற்றவை. வாங்கும்போது ஒட்டுப்போட்ட இடத்தைப் பாருங்கள். இரண்டு தண்டும் ஒரே பருமனில் தழும்பு ஆறிச் சேர்ந்திருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டிருந்தால் அந்தக் கன்று வேண்டாம்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் இருக்கட்டும். பாறை தட்டினால் இடத்தை மாற்றுங்கள். வீட்டுச் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். உங்களிடம் சாரல் இல்லை என்பதால் ஆனியில் நட வேண்டாம். புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்கு மழையில் வேர் பிடித்துவிடும். பையைக் கிழிக்கும்போது வேரைச் சுற்றியுள்ள மண் உடையக் கூடாது. பலாவின் ஆணிவேர் மிகவும் மென்மையானது, முறிந்தால் கன்று தேறுவது கடினம். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும்.

தாயாருக்கு அந்த மரத்தின் கொட்டையையே ஊன்ற வேண்டும் என்று ஆசை இருந்தால், பழம் அறுத்த வாரத்திலேயே ஊன்றச் சொல்லுங்கள். காய்ந்த கொட்டை முளைக்காது. நாற்றாகப் பிடுங்கி நடுவதைவிட, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நல்லது. ஆடு கடிக்காமல் முதல் இரண்டு ஆண்டுகள் முள்வேலி வேண்டும்.